ஆதாரம் எண் மூன்று

முந்தலில் றால் பண்ணைகளுக்குத் தீன் விற்கிற கடைக்கு மேல்மாடியில் இருக்கிற ஆவணச் சேகரத்தில் நூஹு ஒரு பொருள். ஊழியர் அல்ல, வாசகர் அல்ல, பொருள். பொருட்பட்டியலின் முதல் வரியில் நெகடிவ் சுருள்கள் கிடந்த பிஸ்கட் டின், இரண்டாம் வரியில் படப்பிடிப்பாளர் நிக்கொலஸின் கணக்குக் கொப்பி, மூன்றாம் வரியில் நூஹு. ஆதாரம் எண் மூன்று. வயது ஐம்பத்தெட்டு. நிலைமை: திருப்தி. இடது முழங்காலில் சிறு தேய்வு.

இந்தக் கதிக்கு மனிதர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் அவருக்குத்தான் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்கள்.

மன்னார் டவுனில் நிக்கொலஸ் என்று ஒருவர் ஸ்டூடியோ வைத்திருந்தார். பெருநாள், தீபாவளி, நத்தார், கல்யாணம், அடையாள அட்டை என்று முழு டவுனும் அவருடைய கமராவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டுப் போனது. கழுவிய படங்களை உறையில் போட்டு வீடு வீடாகச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தவர் நூஹு. உறையைத் திறந்து பார்க்காமல் கொடுக்கிற நல்ல பழக்கம் அவரிடம் இருக்கவில்லை. அதனால் எந்த முகம் எந்தத் தெருவில் எந்த ஒழுங்கையில் குடியிருக்கிறது என்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் முஸ்லிம்களை இயக்கம் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது அவரும் உடுத்த சாரத்தோடு புத்தளம் வந்தார். நிக்கொலஸும் பின்னால் யுத்தத்தில் இடம்பெயர்ந்து, சிலாபத்தில் மகள் வீட்டில் காலமானார். அவருடைய கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் இரண்டாயிரத்து நூற்று முப்பத்தாறு நெகடிவ்.

மகள் டின்னைச் சேகரத்துக்குக் கொடுத்தார். சேகரத்தின் பொறுப்பாளர் ஹஸ்மி. முப்பத்தைந்து வயது, தங்கமான பிள்ளை, ஆனால் விதிக் கொப்பியைக் கையில் எடுத்தால் பெற்ற உம்மாவையும் அடையாளம் தெரியாது. வெளிநாட்டில் ஆறு மாதம் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். படத்தை ஸ்கேன் பண்ணிக் கொம்பியூட்டரில் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவன் மடையன் என்பார். நூறு வருடம் கழித்து அந்த ஃபைல் திறபடலாம், முகமும் தெரியலாம். ஆனால் அது யார், எப்போது எடுத்தது, எடுத்தவர் யார், எந்த மென்பொருளில் திறப்பது என்று ஒரு வரியும் கூட இல்லாவிட்டால் அந்த முகத்தை வைத்து யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. தரவைப் பற்றிய தரவு வேண்டும். மெட்டாடேட்டா. அந்தச் சொல்லைச் சொல்லும்போது ஹஸ்மியின் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும்.

இதுவரைக்கும் அவர் சொன்னது நியாயம். நிக்கொலஸின் கொப்பியில் இலக்கமும் 'கொடுத்தாச்சு' என்ற சொல்லும் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. ஆகவே நூஹுவைத் தேடிப் பிடித்தார்கள். அப்போது அவர் முந்தல் பக்கத்து றால் பண்ணைகளில் குளங்களுக்குக் காற்றூட்டுகிற மோட்டர்களைத் திருத்திக்கொண்டிருந்தார். பதினொரு நாள் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து படம் படமாகப் பெயர் சொன்னார். எழுத்தர் ஸபீனா தட்டச்சு செய்தாள். வருடம் கேட்டால் மட்டும், "வர முந்தி மூணாம் நோன்பு", "வர முந்தி ஹஜ்ஜுப் பெருநாள்" என்பார். அவருடைய நாட்காட்டி ஊரைவிட்டு வந்த நாளில் இருந்து இரண்டு பக்கமும் ஓடியது. அதைக் கிறிஸ்து வருடமாக மாற்ற ஹஸ்மி தனியாக ஓர் அட்டவணை போட்டார். நூஹுவின் மனைவி றுக்கியா மத்தியானச் சாப்பாட்டைக் கரியரில் கொண்டுவந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அவளும் மன்னார் டவுன்தான். அகதி முகாமில்தான் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது.

வில்லங்கம் விதிக் கொப்பியின் பதினாலாம் விதியில் இருந்தது. 'விவரம் எந்த ஆதாரத்திலிருந்து பெறப்பட்டதோ, அந்த ஆதாரமும் நீண்டகாலத்துக்குப் பாதுகாக்கப்படல் வேண்டும்.' எழுதியவன் எங்கோ குளிர் தேசத்தில் இருந்துகொண்டு கடதாசியை நினைத்து எழுதியிருப்பான். ஹஸ்மி அதை மூன்று தரம் வாசித்துவிட்டு நூஹுவைப் பார்த்தார்.

"நானா, ஒங்கள நாங்க பாதுகாக்கணும்."

நூஹு அதை உபசாரம் என்று நினைத்தார். "அல்லாஹ் பாதுகாப்பான் தம்பி."

"அவன் பாதுகாப்பான். ஃபோம் நாங்கதான் நிரப்பணும்."

அன்றைக்குப் பிடித்தது சனி. ஆதாரத்தை இருபது பாகை வெப்பத்தில், ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டுமாம். நூஹுவோ காலையில் இருந்து பின்னேரம்வரை இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நிற்கிற மனிதர். மாதத்துக்கு ஒருமுறை ஸபீனா அவருடைய காதுக்குப் பக்கத்தில் ஈரமானியைப் பிடித்து வாசிப்பு எடுத்தாள். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் கிடக்கிற, சாப்பிட வேண்டாம் என்று எழுதிய சின்னப் பொட்டலங்களில் இரண்டை அவருடைய சட்டைப் பைக்குள் போட்டுவிட்டாள். எத்தாளையில் கல்யாண வீட்டுக்குப் போவதென்றால் இடமாற்றப் படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'பொருள் திரும்பும் திகதி' என்று ஒரு கட்டம்.

அதோடு விட்டார்களா? எந்தப் பொருளுக்கும் மூன்று பிரதி வேண்டும், இரண்டு வகை ஊடகத்தில் வேண்டும், ஒன்று தூரத்தில் இருக்க வேண்டும் என்று இன்னொரு விதி. ஹஸ்மி இரண்டு நாள் யோசித்துவிட்டு, நூஹு சொன்ன முழு விவரத்தையும் இரண்டு பேருக்குப் பாடமாக்கிக் கொடுப்பது என்று முடிவெடுத்தார். முதல் பிரதி றுக்கியா. ஒன்று ஆண், ஒன்று பெண் என்றபடியால் இரண்டு வகை ஊடகம் என்ற நிபந்தனையும் அதோடு தீர்ந்தது. இரண்டாம் பிரதி களப்புக்கு அந்தப் பக்கம் எத்தாளையில் இருக்கிற மின்ஹாஜ், றுக்கியாவின் தம்பி. றுக்கியா தேங்காய் துருவிக்கொண்டும் மீன் வெட்டிக்கொண்டும் பதினொரு மாதத்தில் இரண்டாயிரத்து நூற்று முப்பத்தாறையும் பாடமாக்கினாள். மின்ஹாஜ் ஒரு வருடமும் நாலு மாதமும் எடுத்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறாமைப் பரிசோதனை. நாற்பது படங்களைக் காட்டுவார்கள். முதல் நாள் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். ஒருதரம் நூஹு, "மீன்கடைக் காசிமின்ட மவள் செய்னம்பு" என்பதற்குப் பதிலாக, "செய்னம்பு, மீன்கடைக் காசிமின்ட மவள்" என்று சொல்லிவிட்டார். அதற்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. றுக்கியா ஒரு தரமும் பிழைவிட்டதில்லை. பரிசோதனை முடிந்து படியிறங்கும்போது அவளுடைய நடையே ஒரு தினுசாக இருக்கும்.

இவ்வளவையும் நூஹு சிரித்துக்கொண்டே தாங்கினார். தாங்க முடியாதது ஆயிரத்து நூற்று எண்பத்தேழாம் படம். அதில் அவர் பொய் சொல்லியிருந்தார்.

படத்தில் இருந்தது தங்கரத்தினம். தபால் கந்தோர் ஒழுங்கை, டைப்பிங் வகுப்புக்குப் போன பிள்ளை. இருபத்துநாலு வயது நூஹுவுக்கு அவள்மீது ஓர் இது. என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை. படம் கொடுக்கப் போன அன்றைக்கு அந்த ஒழுங்கையை மூன்று தரம் சைக்கிளில் சுற்றிவிட்டு, நாலாம் தரம் இறங்கி, "படம் நல்லா வந்திருக்கு" என்றார். அவள், "ஓம்" என்றாள். கதை அவ்வளவுதான். இதை வைத்து உலகத்தில் எந்தக் காதியாரும் ஒரு வழக்கு எழுதமாட்டார்.

ஆனால் அந்த முகம் திரையில் வந்த நேரம் பார்த்து, பக்கத்தில் றுக்கியா கரியரைத் திறந்து சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மற்றப் பெயர்களைப்போல அதையும் சொல்லிவிட்டுப் போயிருந்தால் ஒரு காகமும் கத்தியிருக்காது. பயந்த மனிதர், என்ன செய்ய. "அஜித்தா டீச்சர்," என்றார். "மாத்தலாகிப் போயிட்டா."

அப்படி ஒரு டீச்சர் மன்னாரில் இருந்ததே இல்லை. ஆனால் ஸபீனாவின் படிவத்தில் கட்டங்கள் இருந்தன. என்ன பாடம்? கணக்கு. வேறு திறமை? பாட்டு. எதில் வருவார்? சைக்கிளில். நூஹு அவசரத்தில் சொன்ன ஒவ்வொன்றும் மூன்று பிரதியாகி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கப்பட்டு, வருடத்துக்கு வருடம் உறுதிப்பட்டது. எங்கிருந்தோ ஓர் ஆய்வாளர் வந்து, பெண் கல்விக்கு அஜித்தா டீச்சர் செய்த தொண்டு பற்றி முப்பது பக்கம் எழுதினார். அந்த முகத்தைப் பெரிதாக்கி, கீழே பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, சேகரத்தின் படிக்கட்டிலும் முந்தல் சந்தியிலும் ஒட்டினார்கள். பிறகு கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு 'அஜித்தா டீச்சர் நினைவுப் பரிசு' என்று ஒன்று ஆரம்பமானது. முதல் பரிசளிப்புக்கு நூஹுதான் பிரதம விருந்தினர். டீச்சரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். கடைசியில் கண்ணும் கலங்கியது, அதுதான் வெட்கக்கேடு.

போன ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை நூஹு ஈரமானி வாசிப்புக்காகக் கந்தோரில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் படியேறி வந்தாள். பெயர் மதுசா. உடப்பில் இருக்கிறாள், முந்தலில் பார்மசியில் வேலை. தாய் காலமாகி இருபத்தைந்து நாள். வருகிற ஞாயிறு முப்பத்தோராம் நாள். அன்றைக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்குத் தாயின் படம் ஒன்று வேண்டும். அச்சகக்காரன் வியாழன் மத்தியானத்துக்குள் கேட்கிறான்.

"எங்கட வீட்டுப் படமெல்லாம் வன்னியில போயிட்டுது," என்றாள். "இருக்கிறது அடையாள அட்டைப் படம் ஒண்டுதான். அதில அம்மா தேடப்படுற ஆள் மாதிரி நிக்கிறா. சின்ன வயசில நிக்கொலஸ் ஸ்டூடியோவில படம் எடுத்தவா எண்டு எப்பவும் சொல்லுவா. நான் அம்மாவை அந்த வயசில கண்டதில்லை."

"பெயர்?" என்றாள் ஸபீனா.

"தங்கரத்தினம்."

ஸபீனா தட்டினாள். பூச்சியம். எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தட்டினாள். எல்லாம் பூச்சியம். படத்தில் இருக்கிறவரின் உறவினருக்கு மட்டும்தான் படம் கொடுக்கலாம், பெயர் இல்லாவிட்டால் உறவு இல்லை, விதி அப்படி. மதுசா கைப்பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில், அந்தப் பெரிய படத்துக்கு முன்னால் நின்றாள்.

"இந்த டீச்சர் என்ர சின்னவளை மாதிரிக் கிடக்கு," என்று யாருக்கும் இல்லாமல் சொல்லிவிட்டுப் போனாள்.

நூஹுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தங்கரத்தினம் உயிரோடு இருந்திருக்கிறாள், அதுவும் உடப்பில், பஸ் ஏறினால் அரைமணித்தியாலத்தில். அங்கே வள்ளத்து இயந்திரம் திருத்த அவர் எத்தனை தரம் போயிருப்பார். இப்போது இல்லை. அவளுடைய முகத்தை அவரே எடுத்து, பிறக்காத ஒரு டீச்சருக்குக் கொடுத்திருக்கிறார். பெற்ற பிள்ளை அந்த முகத்துக்கு முன்னால் நின்றுவிட்டு, யாரோ என்று போகிறது.

ஈரமானியைத் தள்ளிவிட்டு ஓடி, பஸ் நிலையத்தில் மதுசாவைப் பிடித்தார். "புதன் பத்து மணிக்கு வாங்க மவள். ஒங்கட உம்மாட படம் இருக்கு. ஒரு பழுது திருத்தணும்." என்ன பழுது என்று அவள் கேட்டாள். "நான்தான்," என்றார்.

திரும்பி வந்து ஹஸ்மியிடம் உள்ளதைச் சொன்னார். அது அஜித்தா டீச்சர் இல்லை, தங்கரத்தினம், இப்போதே மாற்றுங்கள் என்றார். ஏன் பொய் சொன்னேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஹஸ்மியின் முகம் வாடிப்போனது. "நானா, எட்டு வருசமா நீங்க ஒரே பதில் சொல்றீங்க. ரெண்டு பிரதியும் அதையேதான் சொல்லுது. இப்ப நீங்க வேற சொன்னா, அது திருத்தம் இல்ல, பழுது. பழுதான ஆதாரத்தப் பிரதியப் பாத்துச் சரிப்படுத்தணும்."

"அப்ப உண்மை?"

"உண்மைக்கு நாங்க பொறுப்பில்ல நானா. மாறாமைக்குத்தான் பொறுப்பு." கொஞ்சம் யோசித்துவிட்டு, இரக்கத்தோடு சொன்னார். "மூணுல ரெண்டு ஒண்டாச் சொன்னா மட்டும் பதிவ மாத்தலாம். புதன்கிழமை பரிசோதனையில பாப்பம்."

அப்படியென்றால் ஒரு பிரதி தங்கரத்தினம் என்று சொல்ல வேண்டும். நூஹு ஃபோனில் மின்ஹாஜுக்குக் கோல் எடுத்தார்.

"மச்சான், ஆயிரத்து நூற்று எண்பத்தேழு."

"அஜித்தா டீச்சர், மாத்தலாகிப் போயிட்டா," என்றான் மின்ஹாஜ், தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான்.

"அப்படி ஒரு ஆள் இல்ல மச்சான். நான் பொய் சொல்லிட்டன்."

மின்ஹாஜ் மெதுவாகச் சொன்னான். "மச்சான், என்ட மவள் ஃபாஹிமா போன வருசம் டீச்சர்ட பரிசு எடுத்தவள். சேர்ட்டிபிக்கட்டக் கண்ணாடி போட்டு முன்வீட்டில மாட்டியிருக்கன். டீச்சர் இல்ல எண்டு நான் எப்படி அதுக்கிட்டச் சொல்றது? நீங்க வேற படத்துல உண்மை சொல்லுங்க." வைத்துவிட்டான்.

மிச்சம் றுக்கியாதான். செவ்வாய் முழுக்க நூஹு அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவள் குசினியில் இருந்தால் வாசலில் நின்றார், கிணற்றடிக்குப் போனால் வாளியைத் தூக்கிக் கொடுத்தார். முப்பத்திரண்டு வருடத்தில் இல்லாத புதுப் பழக்கம். "ஒங்களுக்கு என்ன, மேலுக்குச் சரியில்லையா?" என்று அவள் கேட்டதுக்கு, "இல்ல, சும்மா" என்றார். பரிசோதனைக்கு முன்னால் பிரதிகள் தமக்குள் படங்களைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று விதி இருக்கிறதே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். அந்த விதியை அவர் மதித்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

புதன் பத்து மணி. ஹஸ்மி கொம்பியூட்டரில், ஸபீனா படிவத்தோடு, மதுசா சுவரோரக் கதிரையில். முப்பத்தொன்பது படத்தையும் நூஹு பிசகாமல் சொன்னார். நாற்பதாவது வந்தது.

"ஆரு?"

"தங்கரத்தினம். தபால் கந்தோர் ஒழுங்கை."

மதுசா எழுந்து நின்றாள். திரையில் சிவப்புக் கோடு விழுந்தது. ஹஸ்மி பெருமூச்சு விட்டுவிட்டுப் பழுது அறிக்கையை எடுத்தார். "காரணம் எழுதணும் நானா. ஈரம், பூச்சி, காந்தப் புலம், முதுமை, வேறு. எது?"

"வேறு."

"விளக்குங்க."

நூஹு நிலத்தைப் பார்த்தார். "அண்டைக்குப் படத்தக் காட்டின நேரம் என்ட பொஞ்சாதி பக்கத்துல இருந்தா."

ஸபீனாவின் பேனை நின்றுவிட்டது. ஹஸ்மி நெடுநேரம் யோசித்தார். பிறகு, 'சுற்றாடல் பாதிப்பு' என்று எழுதினார்.

பழுதான பொருளை மற்றப் பொருட்களோடு வைக்கக் கூடாது. நூஹு இருந்த கதிரையைச் சுற்றி ஸபீனா மஞ்சள் நாடா கட்டினாள். சரிப்படுத்துவதற்கு முதல் பிரதியை வரச் சொல்லிக் கோல் போனது. மத்தியானம் கிட்டினபடியால் றுக்கியா கரியரோடேயே த்ரீவீலில் வந்து இறங்கினாள். நாடாவுக்குள் புருஷன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஹஸ்மியின் மேசையில் கிடந்த அறிக்கையை ஒரு தரம் வாசித்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

சரிப்படுத்தும்போது முழு ஸ்கேனையும் திறக்க வேண்டும், வழக்கமாகக் காட்டுகிற சின்னப் படம் போதாது. ஹஸ்மி திறந்தார். திரை நிறையத் தங்கரத்தினம் சிரித்தாள்.

"ராத்தா, இந்தப் படத்துக்கு ஆதாரம் சொன்ன பெயர் என்ன?"

"அஜித்தா டீச்சர். மாத்தலாகிப் போயிட்டா."

நூஹு கண்ணை மூடிக்கொண்டார். மதுசா கைப்பையை எடுத்தாள்.

"அது அவர் சொன்ன பெயர்," என்றாள் றுக்கியா. "எட்டு வருசமா நீங்க அதத்தான் கேட்டீங்க, நானும் அதத்தான் சொன்னேன். படத்துல இருக்கிறது ஆரெண்டு ஒரு நாளும் கேக்கல்ல."

ஹஸ்மி விதிக் கொப்பியைப் புரட்டினார். முன்னால் இருந்து பின்னாலும், பின்னால் இருந்து முன்னாலும் புரட்டினார். "கேக்கக் கூடாது எண்டு எழுதல்ல," என்றார் கடைசியில். "ஆரு ராத்தா?"

"தங்கரத்தினம். தபால் கந்தோர் ஒழுங்கை. நாங்க ரெண்டு பேரும் ஒரே டைப்பிங் வகுப்பு." திரையின் ஓரத்தை விரலால் தொட்டாள். தங்கரத்தினத்தின் இடது தோளில் நாலு விரல் தெரிந்தது. அதற்குப் பிறகு படம் முடிந்துவிடுகிறது. "இது என்ட கை. ரெண்டு பேரும் சேந்து எடுக்கத்தான் போனம். என்ட வாப்பாக்குப் படம் எடுக்கிறது பிடிக்காது. கடைசி நேரத்துல பயந்துபோய் விலகிட்டன். கைய எடுக்க மறந்துட்டன்."

நூஹு கண்ணைத் திறந்தார். உறையில் போட்டுக் கொண்டுபோனபோதும் சரி, அதற்குப் பிறகு இந்த எட்டு வருடத்திலும் சரி, அந்த விரல்களை அவர் கண்டதே இல்லை.

"ஒழுங்கைய மூணு தரம் சுத்தினதும் தெரியும்," என்றாள் றுக்கியா, அவரைப் பார்க்காமல். "அண்டைக்கு நான் அவள்ட வீட்டுலதான் இருந்தேன். ரெண்டு பேரும் ஜன்னலால பாத்துச் சிரிச்சம். இந்த மனிசனுக்குச் சைக்கிள நிப்பாட்டத் தெரியாது போல எண்டு அவள் சொன்னாள்."

"தெரிஞ்சுகொண்டா எட்டு வருசம் பேசாம இருந்தீங்க?" என்று ஸபீனா கேட்டாள். கேட்கக் கூடாதுதான், ஆனால் யாரால் கேட்காமல் இருக்க முடியும்.

"எனக்குப் பயந்து ஒரு பொய் சொன்னாரு. சந்தோசமா இருந்திச்சு, விட்டுட்டன். பெத்த பிள்ள தேடி வரும் எண்டு கண்டனா?" பிறகு மதுசாவிடம் திரும்பினாள். "மவள், ஒங்கட உம்மா எப்ப மௌத்தானா?"

மதுசா சொன்னாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். ஹஸ்மியும் அழுதார். அழுதுகொண்டே பதிவைத் திருத்தினார். மூன்றில் இரண்டு. பெயர்: தங்கரத்தினம். உறவினர்: மகள், மதுசா. படம் அச்சாகி வந்தது.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் படிவத்தில் 'படத்தில் வேறு யாரும்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"கை, றுக்கியா," என்று ஹஸ்மி சொல்லிக்கொண்டே நாடாவுக்குள் பார்த்தார். "ஆதாரம் உறுதிப்படுத்தணும். நானா, இது ராத்தாட கைதானா?"

ஓம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. றுக்கியா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நூஹு திரையைப் பார்த்தார். இருபது வயதுக் கை. முப்பத்திரண்டு வருடமாக அந்தக் கையால் சாப்பிடுகிறார். சீனி வியாதிக்கு மருந்து எடுத்துத் தருகிறது அந்தக் கைதான். ஆனால் திரையில் இருந்தது அவருக்கு வெறும் நாலு விரல்.

"எனக்குத் தெரியல்ல," என்றார்.

ஹஸ்மி திடுக்கிட்டுப் போனார். றுக்கியா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "எழுதிக்கொள்ளுங்க தம்பி," என்றாள். "இந்தக் கந்தோர்ல அவர் எனக்கு முன்னால சொன்ன முதல் உண்மை."

'அடையாளம் தெரியாத கை' என்று பதிவானது. அச்சகக்காரன் அந்தக் கையை வெட்டிவிடட்டுமா என்று கேட்டானாம். மதுசா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை உடப்பில் கொடுத்த புத்தகத்தில் தங்கரத்தினம் தோளில் நாலு விரலோடு சிரித்தாள். அந்த வீட்டில் றுக்கியாவை முன்வரிசைக் கதிரையில் இருத்தினார்கள். அஜித்தா டீச்சர் பரிசைப் பொறுத்தவரை, அதை நடத்துகிற சங்கம் கூடி ஆலோசித்தது. பரிசு கொடுக்க ஒரு டீச்சர் இருந்திருக்க வேண்டும் என்று சங்கத்தின் யாப்பு விதிகளில் இல்லை என்று கண்டு, தொடர்ந்து கொடுப்பதாகத் தீர்மானித்தது. மின்ஹாஜ் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

நவம்பரில் அடுத்த பரிசோதனை வந்தது. நூஹு புதுச் சாரம் உடுத்துப் போயிருந்தார். ஆயிரத்து நூற்று எண்பத்தேழைத் திறந்தார்கள்.

"ஆரு?"

"தங்கரத்தினம். தபால் கந்தோர் ஒழுங்கை."

"சரி. கை?"

"றுக்கியா."

ஹஸ்மி தலையில் கையை வைத்தார். "நானா, போன தரம் தெரியாது எண்டீங்க."

"ஓம்."

"இப்ப எப்படித் தெரியும்? அவங்க சொன்னதால சொல்றீங்களா?"

"இல்ல தம்பி. மூணு மாசமாப் பாத்தன். சுண்டுவிரல் கொஞ்சம் உள்ளுக்கு வளைஞ்சிருக்கு. சோறு போடக்குள்ளயும் அப்படித்தான் வளையிது."

சிவப்புக் கோடு விழுந்தது. ஸபீனா மஞ்சள் நாடாவை எடுத்துக் கதிரையைச் சுற்றிக் கட்டினாள். ஆதாரம் மறுபடியும் பழுதாகிவிட்டது, வந்து சரிப்படுத்த வேண்டும் என்று ஹஸ்மி றுக்கியாவுக்குக் கோல் எடுத்தார். நூஹு நாடாவுக்குள் சட்டைக் கொலரைச் சரிப்படுத்திக்கொண்டு, கீழே த்ரீவீல் வந்து நிற்கிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார்.